ஃப்யூஸ் போனால் யார் வருவார்கள்?

போர் ஓய்ந்த ஊர்களில் மின்சாரம் திரும்பிவிட்டது, தண்ணீர் திரும்பிவிட்டது என்று செய்தி வரும்போது கூடவே ஒரு படமும் வரும். அமைச்சர் ஒருவர் பொத்தானை அழுத்துவார், பின்னால் புது டிரான்ஸ்பார்மர் நிற்கும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு கேள்விதான் வரும்: நாளைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அங்கே ஃப்யூஸ் போனால் யார் வருவார்கள்?

வேதாரண்யம் பக்கத்தில் மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேன், லைன்மேன் என்று ஏறி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். டிரான்ஸ்பார்மரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம். எந்தத் தோப்புக்குள் எந்தக் கம்பி போகிறது, எந்த வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு ஒரு பெரியவர் படுத்திருக்கிறார், கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் எந்த ஏபி சுவிட்ச் பாதி திறந்து ஏமாற்றும் என்று தெரிந்த ஆளை லாரியில் ஏற்ற முடியாது. அவரை அந்த ஊரிலேயே வளர்த்தெடுக்க வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும். போர் அழிக்கிறவற்றில் மிகவும் தாமதமாகத் திரும்புவது இதுதான் என்பது என் எண்ணம். சென்ற வருடம் கடல் தாண்டிப் போய்ப் பார்த்த பிறகு அது இன்னும் உறுதியாகிவிட்டது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறதல்லவா, 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது, அதில்தான் போனேன். காலையில் ஏறினால் மதியம் யாழ்ப்பாணத்துச் சோறு சாப்பிடலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சென்னையைவிட அது கிட்ட. போனது ஒரு குடும்பத்தைப் பார்க்க. நான் மன்னார்குடியில் வேலை பார்த்தபோது பக்கத்து வீட்டில் வெளிப்பதிவில், அதாவது அகதி முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு, வாடகைக்கு இருந்த ஈழத்துக் குடும்பம் அது. 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழுந்து வன்னிக்கு நடந்ததே, அந்தக் கூட்டத்தில் நடந்து, மறுவருடம் படகேறி வந்தவர்கள். அந்த அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மன்னார்குடியில் பிறந்த அவர் மகனுக்கு நான் மாமா. போர் முடிந்து சில வருடங்களில் ஊர் திரும்பினார்கள். ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்திருந்த பையன் இப்போது கிளிநொச்சிப் பக்கம் மின்கம்பி வேலை பார்க்கிறான்.

மன்னார்குடியில் இருந்த காலத்தில் அக்கா சொல்லிக் கேட்டவை அவ்வளவும் மின்சாரக் கதைகள். 1990 ஜூனில் ரயில் நின்றதாம். தெற்கிலிருந்து வந்த மின்சாரமும் அந்தக் காலத்திலேயே நின்றுபோனது. மண்ணெண்ணெய்க்கும் பேட்டரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார், டைனமோவிலிருந்து வயர் எடுத்து ரேடியோவில் கொடுப்பார்கள். கரண்ட் இல்லாமல் ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் முடித்தது. அங்கே பிள்ளைகள் திரி வெளிச்சத்தில் குனிந்திருந்தபோது, இங்கே கால் மணி நேரம் மின்தடை என்றால் செக்‌ஷன் ஆபீஸ் போன் அலறும். இரண்டுக்கும் நடுவே இருந்தது கொஞ்சம் கடல்தான்.

போரின் சேதம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஓரளவு புரிந்தது கஜா புயலில்தான். 2018 நவம்பர் 16 விடிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் அது கரையேறியது. டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலுமாக ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பம் முறிந்து, அதன்மேல் தென்னை விழுந்து, கம்பி தென்னையைச் சுற்றி, எது எங்கே போகிறது என்றே தெரியாது. வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மழையில் நனைந்து, கல்யாண மண்டபத்தில் படுத்து, பொட்டலச் சோறு சாப்பிட்டு வேலை செய்தார்கள். அவர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி, குடிநீர் நீரேற்று நிலையம். அப்புறம் டவுன், அப்புறம் ஊராட்சிகள், கடைசியில் தோப்புக்குள் ஒற்றையாய் நிற்கும் வீடு. வேதாரண்யம் பகுதிக்குக் குடிநீர் கொள்ளிடத்திலிருந்து வருகிறது. வழியில் எங்கே மோட்டார் நின்றாலும் கடைமடையில் குழாய் காய்ந்துவிடும். மின்சாரமும் தண்ணீரும் வேறு வேறு துறை என்று காகிதத்தில்தான் இருக்கும், களத்தில் கிடையாது. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய ஆரம்ப சுகாதார நிலையமும் அதே ஃபீடரில்தான், அதே மின்பாதையில்தான் தொங்குகிறது.

அந்த நாட்களில் நாங்கள் ஒன்று செய்தோம். வெளியூர் கேங் ஒவ்வொன்றோடும் உள்ளூர் ஆள் ஒருவரைக் கட்டாயம் அனுப்பினோம். ஏன் என்றால், ஊரே இருட்டில் இருக்கும்போது யாராவது ஜெனரேட்டர் போடுவார்கள். லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் நேராகக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் திரும்பி லைனுக்கு ஏறும். வேலை செய்ய அனுமதியான லைன் கிளியர் வாங்கியாயிற்று, சப்-ஸ்டேஷனில் அணைத்தாயிற்று என்று நம்பிக் கம்பத்தில் கை வைக்கிறவன் உயிர் போகும். இரண்டு பக்கமும் கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டாமல் தொடவே கூடாது என்பது விதி. எந்த வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்பது விதிப் புத்தகத்தில் இருக்காது, உள்ளூர் ஹெல்பருக்குத் தெரியும். வந்தவர்களின் திறமையும் இருந்தவர்களின் ஊர் ஞானமும் சேர்ந்துதான் எங்கள் பக்கம் விளக்கெரிந்தது.

கஜாவில் எங்களுக்கு நிலம் இருந்தது. அடுத்த அடி எடுத்து வைக்கப் பயப்பட வேண்டியதில்லை. 9 மீட்டர் கம்பத்துக்கு 1.5 மீட்டர் குழி, கடப்பாரையைப் போட்டுத் தோண்டிக்கொண்டே போனோம். வன்னியில் அது முடியாது. முகமாலையில் போரின் முன்னரங்கு வருடக்கணக்காக நின்றிருந்தது, அந்த மண் முழுக்க மிதிவெடி. குழி தோண்டுவதற்கு முன்னால் அந்த இடத்தை ஒருவர் முழங்காலில் உட்கார்ந்து, கருவியை மெதுவாக நகர்த்தி, சத்தம் கேட்ட இடத்தில் கையால் மண்ணைச் சுரண்டிப் பார்த்து, இங்கே வெடி இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த வேலையில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். பலர் போரில் கணவனை இழந்தவர்கள். முகக் கவசமும் கனத்த மேலங்கியுமாக அந்த வெயிலில் ஒரு நாளில் அவர்கள் தாண்டுவது சில சதுர மீட்டர்தான். மின்சாரம் வந்த கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் பெண்களிலிருந்து தொடங்க வேண்டும். கம்பம் நட்டவன் அவர்களுக்கு அடுத்துத்தான் வருகிறான்.

அங்கே முதலில் திரும்பியவை பெரியவை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி போட்டார்கள். இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் தண்டவாளம் போட்டது. தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் பதுங்குகுழிக்குப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள், வெறும் மண்மேடுதான் மிச்சம் இருந்ததாம். 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று யாழ் தேவி ரயில் மறுபடி வந்து சேர்ந்தது. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ரோடு இல்லாமல் கம்பம் வராது, கம்பம் இல்லாமல் மோட்டார் ஓடாது. ஆனால் வீடு திரும்பியவர்களின் முதல் வேலை ரயில் ஏறுவதாக இருக்கவில்லை. கிணறு இறைப்பதாக இருந்தது.

அக்காவின் தங்கை கடைசிவரை வன்னியில் இருந்தவர். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை 2009 தொடக்கத்தில் திரும்பத் திரும்ப எறிகணை வீச்சுக்கு உள்ளானதே, அங்கே காயத்துக்கு மருந்து கட்டப் போய்த் திரும்பியவர். அப்புறம் முள்ளிவாய்க்கால், அப்புறம் வவுனியாப் பக்கத்து மெனிக் பாம் அகதி முகாம். ஊர் திரும்பியபோது கிணற்றுக்குள் என்னவெல்லாம் கிடந்தது என்று அவர் சொன்னதை எழுத எனக்கு மனம் வரவில்லை. வெடிபொருள் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வரும்வரை யாரும் வாளி இறக்கக் கூடாது. பார்த்த பிறகு இறைக்க வேண்டும், சேறு வாற வேண்டும், பிளீச்சிங் பவுடர் போட்டு விட்டுவைத்து மறுபடி இறைக்க வேண்டும். அதுவரை பவுசரில், அதாவது டேங்கர் லாரியில், வரும் தண்ணீர்தான்.

இதில் எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு அனுபவம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோரத்தில் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஓர் அடுக்காக மிதக்கிறது. சுத்தம் செய்கிறோம் என்று பெரிய மோட்டாரை வைத்து ஒரேயடியாக இறைத்தால் உப்பு மேலே ஏறி, கிணறு மொத்தமாகக் கெட்டுவிடும். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, மழைக்கும் இடம் கொடுத்து இறைக்க வேண்டும். புஷ்பவனத்திலும் வெள்ளப்பள்ளத்திலும் கேட்டால் பாட்டிமார் சொல்வார்கள். உதவி செய்ய வருகிறவர்கள் எவ்வளவு நல்ல மனதோடு வந்தாலும் முதல் வாரம் அந்தப் பாட்டியோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைத் தண்ணீர்தான் அவர்களுக்கு எல்லாம். போருக்குப் பிறகு கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். குளத்துப் பாசன விவசாயிகள் எங்கள் வயலுக்கே போதாதே என்று எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் போரில் எல்லாம் இழந்தவர்கள், இரண்டு பக்கமும் நியாயம். காவிரிக் கடைமடையில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கன மீட்டர். அதை ஓட்டுவதும் மின்சாரம்தான். லைன் ஒரு நாள் நின்றால் குடமும் நிற்கும்.

இப்போது நான் மிகவும் சொல்ல வந்த விஷயம். அந்தத் தங்கை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தொழில் பழக்கத்தில் மீட்டரைப் பார்த்தேன். நல்ல வேலை, எர்த்திங் சரியாக இருந்தது. "எப்போம்மா கரண்ட் வந்தது?" என்று கேட்டேன். "கரண்ட் ரோட்டுக்கு எப்பவோ வந்திட்டுது அண்ணை. வீட்டுக்குள்ள வரத்தான் நாளாச்சு" என்றார்.

காணி அவர் கணவர் பெயரில். கணவர் 2009 மே மாதம் காணாமல் போனவர். உறுதிப் பத்திரம் எறிகணையில் வீட்டோடு எரிந்துவிட்டது. புது இணைப்பு கேட்டால் வீட்டு உரிமைக்குக் காகிதம் கேட்கிறார்கள். உரிமையாளர் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. இறந்துவிட்டார் என்று மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாம் சுலபமாகும் என்று சொன்னவர்கள் உண்டு. "அவர் செத்துப்போனார் எண்டு நான் என்ர கையால எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?" என்று கேட்டுவிட்டுக் குழம்பை ஊற்றினார். நான் தட்டைப் பார்த்தபடி இருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை நாளும் ரோட்டில் லைட் எரியும் ஊரில் விளக்கு வைத்துப் படித்திருக்கிறார்கள்.

இலங்கையில் 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் இல்லை என்பதற்கு மட்டும் ஒரு சான்றிதழ் கொடுக்க வழி செய்தார்கள். ஏழு வருடம் போயிருந்தது. அந்தத் தாயின் வலிக்கு அது மருந்தாகாது, காணாமல் போனவர் எங்கே என்ற கேள்விக்கு அது பதிலும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை. ஆனால் காணி, வங்கிக் கணக்கு மாதிரி விஷயங்களை ஒரு பெண் பொய் சொல்லாமல் நகர்த்த அப்படி ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. பதிவேடு அலுவலகம், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி இதையெல்லாம் யாரும் அத்தியாவசியச் சேவைப் பட்டியலில் முதலில் எழுதுவதில்லை. நான் எழுதுவேன். ஜெனரேட்டருக்கும் தண்ணீர் பவுசருக்கும் பக்கத்திலேயே, ஊர் திரும்பும் முதல் மாதத்திலேயே, தமிழ் தெரிந்த எழுத்தர் ஒருவர் மேசை போட்டு உட்கார வேண்டும். எரிந்த காகிதத்துக்குப் பதில் காகிதம் எழுதித் தர வேண்டும். அங்கே நடமாடும் சேவை என்று ஊர் ஊராக நடத்தியிருக்கிறார்கள். அது இன்னும் எத்தனையோ மடங்கு நடந்திருக்க வேண்டும்.

இது அந்த ஒரு தீவின் கதை மட்டும் இல்லை. உக்ரைனில் 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்தது. அந்த நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு நம் கணக்கில் ஏறத்தாழ 640 டிஎம்சி. மேட்டூர் 93.47. ஏழு மேட்டூரில் தேங்கக்கூடிய தண்ணீர்! கீழே இருந்த ஊர்கள் மூழ்கின, மேலே அதை நம்பியிருந்த வாய்க்கால்கள் காய்ந்தன, நகரங்களுக்குக் குடிநீர் நின்றது. அவசர அவசரமாக வேறு இடத்திலிருந்து குழாய் போட்டார்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று காலண்டரைப் பார்த்தே வாழ்கிற நமக்கு, ஒரு அணையே இல்லாமல் போவது என்றால் என்ன என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. குடிநீர் நிலையங்களையும் பாசன அமைப்புகளையும் தாக்கக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தத்தின் 1977ஆம் வருட முதலாம் கூடுதல் நெறிமுறை 54ஆம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறது. எழுதி வைத்தும் தாக்குகிறார்கள். 2022 அக்டோபர் முதல் அங்கே மின்நிலையங்களைக் குறிவைத்து ஏவுகணை விழுகிறது. சரிசெய்யப் போன லைன்மேன்களும் செத்திருக்கிறார்கள். பெரிய டிரான்ஸ்பார்மர் கடையில் வாங்கும் பொருள் இல்லை, ஆர்டர் கொடுத்துச் செய்து வர ஒரு வருடமும் அதற்கு மேலும் ஆகும். அந்த லைன்மேன்களின் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் கம்பத்தில் ஏறி இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கும் அந்த நிமிஷம் எனக்குத் தெரியும். எங்களுக்கு இடி பயம். அவர்களுக்கு வேறு பயம்.

கிளம்புவதற்கு முதல் நாள் பையன் தன் நோட்டைக் காட்டினான். கிளிநொச்சியில் போரின்போது தகர்க்கப்பட்டு விழுந்த பெரிய தண்ணீர்த் தொட்டி வருடக்கணக்காக ஏ9 வீதி ஓரம் காட்சிப் பொருளாகக் கிடந்தது, அதைப் படம் எடுக்க எவ்வளவோ பேர் வந்தார்கள். அவன் நோட்டைப் பார்க்க யாரும் வந்ததில்லை. பழைய ஆட்களில் பலர் செத்துப்போய், வெளிநாடு போய், வேலை தெரிந்தவர்கள் குறைந்து, பழைய வரைபடங்களும் அழிந்துபோன ஊர்களில் அவன் வேலைக்குப் போகிறான். அதனால் போகிற இடமெல்லாம் கையால் வரைகிறான். கம்பத்துக்கு எண் போட்டு, டிரான்ஸ்பார்மர் எங்கே, சுவிட்ச் எங்கே, எந்தப் பனைமரம் காற்றுக்குக் கம்பியில் உரசும், எந்த வீட்டில் ஜெனரேட்டர், எந்த வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர், எந்த இடத்தில் இன்னும் மண்ணைத் தோண்டக் கூடாது. ஊரில் எஞ்சியிருக்கும் கிழவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழைய கிணறுகளையும் குறித்திருக்கிறான். "எனக்குப் பிறகு வாறவன் முதலில இருந்து தொடங்கக் கூடாது மாமா" என்றான். மன்னார்குடித் தமிழும் வன்னித் தமிழும் கலந்த அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் பையன்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் தோப்புகளுக்குள் பாதை தெரியாது. எங்கள் தலையில் இருப்பது எங்களோடு போகக் கூடாது என்று, கூட வேலை பார்த்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அதே மாதிரி வரைய ஆரம்பித்திருக்கிறேன். தோப்புத்துறையும் அகஸ்தியன்பள்ளியும் முடிந்துவிட்டன. தேத்தாகுடி பாதியில் நிற்கிறது. கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் பக்கம் பழைய லைன் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.